செக்கரும் இரண்டாவது நட்டும்

கடவுளே நேரில் தோன்றி, "என்ன வரம் வேண்டும்?" என்று கேட்டாலும், "வரம் கெடக்கட்டும் ஓய், நீரு கடவுள்தான்னு எதை வச்சு நம்புறது?" என்று திருப்பிக் கேட்கக்கூடிய ஒரே மனிதன் செக்கர்தான்.

பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பவரைத்தான் ஊரில் செக்கர் என்பார்கள். எங்கள் செக்கர் அந்த உத்தியோகம் பார்த்தவன் அல்ல. நாகர்கோவில் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி ஹாஸ்டலில், இரண்டாயிரத்துச் சொச்சத்தில், என் அறைத் தோழன். கடற்கரை ஊர்க்காரன், அப்பா மீன் வியாபாரி. ஞானஸ்நானம் கொடுத்தபோது அவனுக்கும் ஒரு நல்ல பெயர் வைத்திருந்தார்கள். ஹாஸ்டலில் அதைச் சொல்லி விசாரித்தால் வாட்ச்மேன்கூட, "அப்படி ஆளு இங்க இல்லியே" என்று அனுப்பிவிடுவார்.

மெஸ்ஸில் இட்லி வந்தால் நடுவில் பிட்டு, வெந்திருக்கிறதா என்று பார்ப்பான். அதோடு விட்டால் பரவாயில்லை. பக்கத்துத் தட்டு இட்லியையும் பிட்டுப் பார்ப்பான். அறையைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பான், பிறகு அதில் தொங்கிப் பார்ப்பான், படி இறங்கிப் போனவன் திரும்பி வந்து மறுபடியும் தொங்குவான். ஒருநாள் பூட்டு கையோடு வந்துவிட்டது. "பாத்தியா மக்கா, நான் இழுக்காம இருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்றான்.

ஒருமுறை கல்லூரியில் எங்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப்போனார்கள். நாங்கள் மரச் சிற்பங்களைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தபோது, செக்கர் ஒரு தூணைத் தோளால் முட்டிக்கொண்டிருந்தான்.

"அங்க என்னடே செய்யுத?" என்று காவலர் ஓடி வந்தார்.

"ஆட்டம் இருக்கான்னு பாத்தேன் அண்ணாச்சி."

"ராஜா காலத்துலேருந்து ஆடாத தூணு. இனி நீ வந்து ஆட்டணுமாக்கும்?"

பிறவியிலேயே அவன் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றாம் வருடம் வரை எங்களைப் போலவே பூட்டாத அறையில் நிம்மதியாகத் தூங்கிய மனிதன்தான். அந்த வருடம் ஒரு வெளியூர்க் கல்லூரியில் ரோபோ போட்டி நடந்தது. மாதக்கணக்காக உழைத்து ஒரு ரோபோ செய்து கொண்டுபோனோம். களத்தில் இறக்கும் முன் அங்கே பரிசோதனை உண்டு. நடுவர் ரோபோவைத் தூக்கி லேசாகக் குலுக்கினார். ஒரு நட்டு கழன்று மேசையில் உருண்டு, கீழே விழுந்து, எல்லோரும் பார்க்க வாசல் வரை போய் நின்றது. "அடுத்த டீம்" என்றார் நடுவர். அவ்வளவுதான், கதை முடிந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் செக்கர் பஸ்ஸில் அந்த ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். கழன்ற நட்டை முறுக்கியவன் அவன்தான். மறுநாள் காலை இட்லியைப் பிட்டுப் பார்க்க ஆரம்பித்தான்.

அடுத்த வருடம் எங்களுக்குக் கடைசி வருடம். அதே போட்டி, கடைசி வாய்ப்பு. ஜெயிப்பதெல்லாம் அவனுக்குப் பொருட்டே இல்லை. "பரிசோதனையில பாஸாகி, அது களத்துல நாலடி ஓடுனா போதும் மக்கா. நான் செத்தாலும் நிம்மதியா சாவேன்" என்றான்.

அணியில் மூன்று பேர். செக்கர், கொட்டாரத்து மளிகைக்கடைக்காரர் மகனான நான், மூன்றாவதாக அருமனைக்காரன் ஒருவன். அவன் வீட்டில் ரப்பர் தோட்டம் இருந்ததால் சக்கரங்களுக்கு வழுக்காத ரப்பர் பட்டை அவன் உபயம். தோட்டத்து ஜீப்பும் அவன் உபயம். ரோபோவை ஜீப்பில் ஏற்றி, கல்லும் வேரும் கிடக்கும் தோட்டப் பாதையில் ஓட்டச் சொன்னான் செக்கர். ரோபோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மூன்று நாள் இடுப்பு நிமிரவில்லை.

ஹாஸ்டலில் தினமும் ஒத்திகைப் பரிசோதனை நடக்கும். முழுக்கைச் சட்டை போட்டு, மேசைக்குப் பின்னால் செக்கர் நடுவராக உட்கார்ந்திருப்பான். நாங்கள் ரோபோவைத் தூக்கிக்கொண்டு வெளியிலிருந்து வந்து வணக்கம் சொல்ல வேண்டும்.

"அவசரத்துக்கு நிறுத்துற ஸ்விட்ச் எங்க?"

"நீதானலே வச்ச!"

"நான் ஜட்ஜாக்கும். சார்னு சொல்லு."

ஊதிய பலூனை ரோபோவின் ஓரங்களில் தேய்ப்பான். வெடித்தால் அங்கே கூர்முனை இருக்கிறது என்று அர்த்தம், அரத்தை எடுத்து ராவ வேண்டும். அந்த மாதம் எங்கள் மாடியில் வெடித்த பலூன்களின் சத்தத்தைக் கேட்டு, பக்கத்து ஹாஸ்டல்காரர்கள் யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் இரண்டாவது நட்டு. ஒரு போல்ட்டுக்கு ஒரு நட்டு என்பது உலக வழக்கம். செக்கர் அதன்மேல் இன்னொன்றையும் முறுக்கினான். "ஒத்த நட்டு போட்டா முறுக்குனவனை நம்பணும். ரெண்டு போட்டா யாரையும் நம்ப வேண்டாம், மனசிலாச்சா?"

எடைக்கும் ஒரு வரம்பு இருந்தது. ரோபோவை அவன் வீட்டுக்குக் கொண்டுபோனோம். வளாகத்தில் மீன் நிறுக்கும் பெரிய தராசு தொங்கியது. ஒரு பக்கம் தட்டில் எடைக்கற்கள், மறுபக்கம் கொக்கியில் மீன் போடும் கடவம், அதாவது பெரிய பனையோலைப் பெட்டி. ரோபோ கடவத்துக்குள் அடங்கவில்லை. கடவத்தைக் கழற்றிவிட்டு, வலைக்கயிறு கட்டி ரோபோவையே தொங்கவிட்டோம். செக்கர் ஒவ்வொரு எடைக்கல்லிலும் அரசாங்க முத்திரையைத் தடவிப் பார்த்தான். எடை வரம்புக்குள் கச்சிதமாக நின்றது. அவன் அம்மா வைத்த சாளை மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினோம்.

போட்டி நாள். நடுவர் ரோபோவை மின்தராசில் வைத்தார். சிவப்பு எண்கள் வரம்பைத் தாண்டி நின்றன.

"கூடுதலா இருக்கே தம்பி. பரிசோதனை முடியுறதுக்குள்ள குறைச்சுக் கொண்டுவாங்க. இல்லன்னா முடியாது."

செக்கரின் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து மின்தராசின் அடியைப் பார்த்தான். "கல்லு மக்கா. வீட்டுத் தராசுல தட்டுக்கு அடியில ஒரு கருங்கல்லு கட்டிக் கெடக்கும். கடவத்துக்க எடையைக் கழிக்க அப்பா கட்டுனது. நாம கடவத்தைக் கழத்தினோம், கல்லைக் கழத்தல்ல."

"ஊர்ல உள்ள தூணையெல்லாம் ஆட்டிப் பாத்தியே, ஒனக்க வீட்டுத் தராசைப் பாக்கலியாலே?" என்று அருமனைக்காரன் பாய்ந்தான்.

"பொறந்த நாள்லேருந்து அதைக் கண்டுட்டுக் கெடக்கேன். அதைப் போய் யாரு பாப்பா?"

ஒரு கடவத்தின் எடையைக் குறைக்க வேண்டும். தூக்கும் கைப்பிடியைக் கழற்றினோம். இரும்புத் தகட்டைக் கழற்றினோம். போதவில்லை. மூவரும் ரோபோவைப் பார்த்தோம். இனி மிச்சம் அவனுடைய இரண்டாவது நட்டுகள்தான். சட்டென்று நானும் அருமனைக்காரனும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். அவனிடம் அதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

அவனே ஸ்பேனரை எடுத்தான். "கழத்துங்கலே. மிச்சமுள்ள நட்டை நல்லா முறுக்குங்க."

இடது சக்கரம் அவன், வலது சக்கரம் நான், ரோபோவின் கை அருமனைக்காரன். கழற்றிய நட்டுகள் அவன் சட்டைப் பையை நிறைத்து, சட்டையையே ஒரு பக்கமாக இழுத்தன. முடித்து வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் இன்னும் ஓர் அணி இருந்தது. ஒரு சுற்று எல்லாவற்றையும் முறுக்கிப் பார்க்க அவனுக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

அருமனைக்காரன் முறுக்கியதை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்துவிட்டு, ஸ்பேனரோடு என் சக்கரத்தின் பக்கம் குனிந்தான். "முறுக்கினியா?"

"முறுக்கினேன்."

என் முகத்தைப் பார்த்தான். பிறகு ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அப்ப செரி."

அவன் அந்தப் பக்கம் திரும்பியதும், நானே குனிந்து என் நட்டை விரலால் ஒருமுறை திருகிப் பார்த்தேன்.

எடை சரியாக நின்றது. நடுவர் ரோபோவைத் தூக்கிக் குலுக்கினார். இன்னொரு முறையும் குலுக்கினார். ஒன்றும் விழவில்லை. பச்சை ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து அதன் நெற்றியில் ஒட்டினார். செக்கர் அழுதுகொண்டே, ஸ்டிக்கரின் ஓரம் ஒழுங்காக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

முதல் சுற்றில் ஜெயித்தோம், இரண்டாவதில் தோற்றோம். ஆனால் எங்கள் ரோபோ நாலடி என்ன, களம் முழுக்க ஓடியது.

செக்கர் இப்போது வளைகுடாவில் ஏதோ ஆலையில் பாதுகாப்புச் சோதனை அதிகாரியாக இருக்கிறான். அந்த நாட்டுக்கு என் அனுதாபங்கள். விடுமுறையில் என் வீட்டுக்கு வந்தால், கேஸ் அடுப்பைப் பார்ப்பான், மாடிக் கைப்பிடியை ஆட்டுவான், என் மனைவி அவித்த இட்லியைப் பிட்டுப் பார்ப்பான். அவள் முறைப்பாள். நான் இன்னொரு இட்லியை எடுத்து அவன் தட்டில் வைப்பேன். அவன் வாழ்நாளில் பரிசோதிக்காமல் விட்டது இரண்டே இரண்டுதான். ஒன்று அவன் அப்பாவின் தராசு. இன்னொன்று நான்.