நின்றே ஓட்டிய ஹேண்டில் அண்ணன்

மலாக்கா மாநிலத்திலேயே டிராக்டரை நின்றுகொண்டு ஓட்டிய ஒரே மனிதர் ஹேண்டில் அண்ணன்தான். இனிமேல் இன்னொருவர் பிறக்கப்போவதும் இல்லை, வேண்டுமானால் எழுதித் தருகிறேன். உட்கார இடம் இல்லாமல் இல்லை. வண்டியில் கிண்ணம் போலக் குழிந்த நல்ல இரும்பு இருக்கை ஒன்று இருந்தது. அண்ணன் அதன் பக்கத்தில், பஸ்ஸில் இடம் கிடைக்காத பயணி மாதிரி ஒட்டி நின்றுகொண்டு, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுவார்.

நான் அந்த எஸ்டேட்டுக்குச் ஆபிஸில் கணக்கு எழுதும் சின்னக் கிராணியாக வேலைக்குப் போன முதல் வாரமே கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே, உக்காந்து ஓட்டுனா என்னா?"

"எடம் எங்க தம்பி இருக்கு? மச்சான் உக்காந்திருக்காருல்ல?"

நான் இருக்கையைப் பார்த்தேன். ஒரு ரப்பர் இலை கிடந்தது. வேறு ஒன்றும் இல்லை. அண்ணன் என்னை மரியாதை தெரியாத பிள்ளை என்று நினைத்திருக்க வேண்டும், "வணக்கம் சொல்லு" என்றார். சொன்னேன். வேலைக்குப் புதிது, யாருக்கு வணக்கம் வைக்கக்கூடாது என்று எனக்கென்ன தெரியும்!

செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் அண்ணனுக்கு ஒரு பெயர் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அதை எத்தனை முறை கூப்பிட்டாலும் பதில் வராது. "ஹேண்டில்!" என்றால்தான் கை தூக்குவார். எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை அவர் தோளிலிருந்து இறக்கி நான் பார்த்ததில்லை. கோயிலுக்கும் அதோடுதான் போவார், கல்யாணப் பந்தியிலும் இலைக்குப் பக்கத்தில் அது படுத்திருக்கும். அடையாள அட்டைக்குப் படம் பிடிக்க வந்தவன் ஹேண்டிலைக் கீழே வைக்கச் சொன்னான். அண்ணன் சரி சரி என்று முதுகுப் பக்கம் செருகிக்கொண்டார். அவருடைய அட்டையில் காதுக்குப் பின்னால் ஒரு கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். சோதனைச் சாவடியில் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காத போலீஸ்காரர் கிடையாது.

மச்சான் கதைக்கு வருகிறேன். அண்ணனுடைய அக்கா பாக்கியத்தின் புருஷன் மாரிமுத்து. கறுப்பி என்று பெயர் வைத்து அந்த டிராக்டரை முதலில் ஓட்டியவர் அவர்தான். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, கறுப்பியின் மேலிருந்தே அவரை இறக்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போகும்போது ஹேண்டிலைத் தூக்கி அண்ணனிடம் போட்டு, "வண்டியப் பாத்துக்க, வந்துர்றேன்" என்றாராம். சண்டை முடிந்தது, போனவர்களில் பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை. மாரிமுத்து வரவில்லை. செத்தார் என்ற சேதியும் வரவில்லை. அதனால் பாக்கியக்கா பொட்டை எடுக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. தினமும் புருஷனுக்கு ஒரு பிடி சோறு உருட்டித் தம்பியிடம் கொடுத்துவிடும். அண்ணன் பகலில் அதை இலையோடு இருக்கையில் வைத்து, பக்கத்தில் நின்று காவல் காப்பார்.

காவல் காக்கைக்கு எதிராக. காக்கை வாய் வைத்துவிட்டால் அது படையல் ஆகிவிடும். படையல் என்றால் ஆள் செத்துவிட்டான் என்று அர்த்தம்.

"எங்க மச்சான் சாப்புட வருவாரு. எவனும் அவரத் தெவசத்துக்குக் கூப்புட வேணாம்!" என்று ஹேண்டிலைச் சுழற்றிக்கொண்டு ரப்பர் மரங்களுக்கிடையே ஓடுவார். வேலை முடியும்போது அந்தச் சோற்றை நாங்கள் குடியிருந்த லயத்து நாய்க்கு வைப்பார். எங்கள் எஸ்டேட் காக்கைகள் கறுப்பியைக் கண்டாலே வேறு பக்கம் பறந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல். அப்போது அவசரகாலம். காட்டுக்குள் இருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக்கூடாது என்று, லயத்து முள்வேலியைத் தாண்டி ஒரு பருக்கைகூடக் கொண்டுபோகக் கூடாது. பிடிபட்டால் ஜெயில், இல்லாவிட்டால் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ரப்பர் பாலுக்கு மரம் வெட்டப் போகிறவர்களே வெறும் வயிற்றோடு போன காலம். அண்ணன் மட்டும் தினம் ஒரு பிடி சோற்றைத் தலைப்பாகைக்குள் சுருட்டிக் கொண்டுபோனார். கேட்டில் முதல் ஆளாக ஹேண்டிலை நீட்டி, "மொதல்ல இத சோதிங்க சார், உள்ள ஓட்டை இருக்கு" என்பார். அவர்கள் ஹேண்டிலைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தலை தப்பித்துவிடும்.

எஸ்டேட்டை நடத்திய வெள்ளைக்காரத் தொரை ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, அந்த ஆள் ஏன் உட்காருவதில்லை என்று கேட்டார். உள்ளதை இங்கிலீஷில் சொன்னால் அண்ணனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். மூலம் என்று சொல்லிவிட்டேன். மறுநாளிலிருந்து எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸர் களிம்பு டப்பாவோடு அண்ணனைத் துரத்த ஆரம்பித்தார்.

"எவன்டா தொரைகிட்ட சொன்னது?" என்று அண்ணன் ஆபிஸ் வாசலில் நின்று கத்தினார்.

"மொழிபெயர்ப்புல ஒரு சின்னத் தப்புண்ணே."

"உன் மொழிபெயர்ப்பு ஒருநாளு என்னத் தூக்குல போட்டுரும்டா!"

சிரித்தேன். அந்த வயதில் எதற்கும் சிரிப்பு வரும்.

சிரிக்க முடியாத ஒன்றும் இருந்தது. பழைய டிராக்டர் ஓடும்போது அதில் ஆடாத பாகம் கிடையாது. மட்கார்டு ஆடும், புகைக்குழாய் ஆடும், ஓட்டுகிறவரின் பல்லும் ஆடும். வில் பட்டை மேல் நிற்கும் அந்தக் காலி இருக்கைதான் எல்லாவற்றையும் விட அதிகம் கடகடக்க வேண்டும். கறுப்பியின் இருக்கை ஆடாது. ஆள் கனத்தில் அழுந்தினது போல அசையாமல் நிற்கும். ஒரு பகலில், அண்ணன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தபோது, பார்த்துவிடலாம் என்று ஏறி உட்கார்ந்தேன். காலையிலிருந்து நிழலில் நின்ற வண்டி அது. இரும்பு ஜில்லென்று இருக்க வேண்டும். யாரோ இப்போதுதான் எழுந்து இடம் விட்டது போல வெதுவெதுப்பாக இருந்தது. எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அன்றைக்கு இரண்டு செருப்பில் ஒன்றோடுதான் ஆபிஸுக்கு வந்தேன்.

இப்படி இருக்கையில்தான் அந்த அறிவிப்பு வந்தது. சுற்றுவட்டார எஸ்டேட்டுகளில் சண்டைக்கு முன்பிருந்தே கிடக்கிற டிராக்டர்கள் எல்லாவற்றையும் தஞ்சோங் கிளிங் பக்கம் பாடாங் என்ற திடலில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். வெள்ளைக்காரர்கள் குடும்பத்தோடு வேடிக்கை பார்க்க வருவார்கள். ஒவ்வொரு வண்டியும் ஓட்டுகிறவர் ஒழுங்காக இருக்கையில் உட்கார்ந்து மைதானத்தை ஒரு சுற்று வர வேண்டும். வந்தால் வண்டி பிழைக்கும். இல்லாவிட்டால் அங்கேயே பழைய இரும்புக்கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் கொடுத்துவிடுவார்கள்.

"உக்காந்துருண்ணே, ஒரே ஒரு சுத்துதானே" என்று கெஞ்சினேன்.

"மச்சான் மடியிலயா? நல்லாருக்குமா?"

"அப்ப கறுப்பிய வெட்டிருவாங்க."

அண்ணன் இருக்கைப் பக்கம் திரும்பினார். "சீட்டு போயிட்டா அவரு எங்க வந்து உக்காருவாரு? அக்காவுக்கு நான் என்னா சொல்றது?" என்றார்.

அந்த நாள் காலையிலேயே மேகம் மூடிக்கொண்டது. கடல் காற்றே இல்லை. லாரியிலிருந்து கறுப்பியை இறக்கிவிட்டுப் பார்த்தால், முப்பது நாற்பது டிராக்டர்கள் வரிசையாக நின்றன. துருவை மறைக்கப் புது பெயிண்ட் அடித்து, கழுத்தில் காகிதப் பூ கட்டியிருந்தார்கள். ஒரு பக்கம் கூடாரம், பேண்டு வாத்தியம், ஐஸ் தண்ணீர். சுற்றிலும் போலீஸ். அண்ணன் ஹேண்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு வரிசையோடு நடந்தார். ஒவ்வொரு வண்டியையும் லேசாகத் தட்டினார்.

"இது அப்பாவு ஓட்டுனது. சயாம். இது வேலு ஓட்டுனது. சயாம். இதுவும் சயாம்தான்."

எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. காலி இருக்கைகள் வரிசை முழுதும் கடகடகடவென்று ஆடின.

"பாத்தியா, எல்லாம் ஆடுது. பாவம், அவனுங்க போய்ச் சேந்துட்டானுங்க" என்றார் அண்ணன். பிறகு மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கூட்டம் ஜாஸ்தி தம்பி இன்னிக்கி" என்றார். அவர் பார்த்த பக்கம் வெறும் புல்தான் இருந்தது. நான் ஐஸ் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் முறை வரும்போது உச்சிப்பொழுது. அண்ணன் ஹேண்டிலை ஒரே சுற்றுச் சுற்றிக் கறுப்பியைக் கிளப்பினார். அப்புறம், சாப்பாட்டு நேரமாயிற்றே, தலைப்பாகையை அவிழ்த்து இலையை எடுத்து இருக்கையில் வைத்தார். அத்தனை போலீஸுக்கு நடுவில்! நான் ஓடுவதற்குள் ஒரு சார்ஜன் வந்துவிட்டார். நம்ம ஆள்தான், தடித்த மீசை.

"யோவ், என்னா இது? சோறா? எஸ்டேட்லேருந்து எடுத்தாந்தியா? யாருக்கு?"

அண்ணன் வாயைத் திறந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருக்கிற, கண்ணில் படாத ஓர் ஆளுக்கு. அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. நான் குறுக்கே பாய்ந்தேன்.

"படையல் சார்! இவரு மச்சான் இந்த வண்டி ஓட்டுனவரு. சயாம்ல செத்துட்டாரு. அவருக்குத்தான் சார்."

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை! பத்து வருஷத்துக்கு மேல் யாரும் அவர் முன்னால் சொல்லத் துணியாத வார்த்தையை நான் ஒரு நொடியில் சொல்லிவிட்டேன்.

சார்ஜன் மீசையைத் தடவினார். "படையலா? அப்ப காக்கா எடுக்கணும்ல. எடுக்கட்டும், பாக்குறேன். எடுக்கலேன்னா ரெண்டு பேரும் ஸ்டேசனுக்கு வாங்க லா."

அத்தனை எஞ்சின் சத்தத்தில் காலையிலிருந்து அந்த மைதானத்தில் ஒரு பறவைகூட இல்லை. தென்னை மரங்கள் எல்லாம் வெறிச்சென்று நின்றன. காக்கை வராவிட்டால் ஜெயில். வந்தால்? எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் முருகா முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன்.

வந்தது. கடல் பக்கமிருந்து ஒரே ஒரு காக்கை, கத்தாமல், நேராக. இரைந்துகொண்டிருந்த கறுப்பியின் மேல் இறங்கி, இருக்கையின் விளிம்பில் உட்கார்ந்து அண்ணனைப் பார்த்தது.

அண்ணனின் கை ஹேண்டிலைத் தூக்கிவிட்டது. ஒரு வீச்சு போதும். அவர் ஜெயிலுக்குப் போவார், மச்சான் உயிரோடு இருப்பார், அக்கா பொட்டோடு இருக்கும். அவருக்கு அது பெரிய விஷயமே இல்லை, சந்தோஷமாகப் போயிருப்பார். ஆனால் சார்ஜன் ரெண்டு பேரும் என்று சொல்லியிருந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு ஹேண்டிலை மெல்லக் கீழே இறக்கினார்.

காக்கை அவசரப்படவில்லை. ஒரு பருக்கை விடாமல் தின்றது. அலகை இரும்பில் இரண்டு பக்கமும் தேய்த்துவிட்டு, வந்த வழியே கடலைப் பார்த்துப் பறந்துபோனது.

சார்ஜன் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "மன்னிச்சிக்கங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம். கட. கடகட. கடகடகட. கறுப்பியின் இருக்கை ஆடத் தொடங்கியது. நான் பார்த்த நாள் முதல் ஆடாத இருக்கை, மற்ற வண்டிகளின் இருக்கைகளோடு சேர்ந்து ஆடியது. இதற்கு இன்றுவரை எனக்கு விளக்கம் தெரியாது, தெரிந்தவர்கள் எனக்கு எழுத வேண்டாம்.

அண்ணன் அது ஆடுவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தலைப்பாகைத் துணியால் இருக்கையைத் துடைத்தார். ஏறி உட்கார்ந்தார். ஆட்டம் நின்றது. மைதானத்தை ஒரு சுற்று, நிதானமாக, நேராக உட்கார்ந்தபடி வந்தார். கூடாரத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். தொரை என் தோளைத் தட்டி, "களிம்பு வேலை செய்திருக்கிறது" என்றார்.

கறுப்பி பிழைத்தது. திரும்பும் லாரியில் நான் அழுதுகொண்டே வந்தேன்.

"அண்ணே, நான் சும்மா வாய்க்கு வந்தத..."

"தெரியும்டா."

"அவரு..."

"அக்காகிட்ட மூச்சு விட்டே, இந்த ஹேண்டில் உன் மண்டையில."

மறுநாள் காலை அக்கா வழக்கம்போல் சோறு உருட்டிக் கொடுத்தது. அண்ணன் வழக்கம்போல் தலைப்பாகையில் சுருட்டிக்கொண்டார். பகலில் கறுப்பியின் இருக்கையில் உட்கார்ந்து, அந்த ஒரு பிடியை அவரே தின்றார். சாயங்காலம் அக்கா, "மச்சான் சாப்புட்டாரா?" என்று கேட்கும். "சாப்புட்டாரு" என்பார். அதன் பிறகு நாடு சுதந்திரம் வாங்கியது, அவசரகாலம் முடிந்தது, முள்வேலியைப் பிடுங்கினார்கள். அண்ணன் "சாப்புட்டாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பாக்கியக்கா சுமங்கலியாகத்தான் போய்ச் சேர்ந்தது, நெற்றி நிறையக் குங்குமத்தோடு.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் அண்ணன் ஆபிஸுக்கு வந்தார். தோளில் ஹேண்டில், கையில் ஒரு துணிமூட்டை.

"சயாம் வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துர்றேன் தம்பி."

அவ்வளவுதான். கடிதம் இல்லை, சேதி இல்லை. நானும் பெரிய கிராணி ஆகி, ஓய்வு வாங்கி, புக்கிட் பெருவாங்கில் மகன் வீட்டுக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. அண்ணனின் வயதை மட்டும் நான் எண்ணிப் பார்ப்பதில்லை.

தினமும் பகலில் பின்பக்கச் சுவரில் ஒரு பிடி சோறு வைக்கிறேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் குடையை வைத்துக்கொண்டு காக்கை விரட்டுகிறேன். மருமகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "என்னா மாமா, சோத்தையும் வெச்சிட்டு காக்காவையும் வெரட்டுறீங்க?" என்று சிரிக்கிறாள்.

"காக்காவுக்கு யாரும்மா வெச்சா?" என்கிறேன். "எங்க அண்ணன் சாப்புட வருவாரு."