நாவற்குடாவில் சனியை ஒதுங்கி நின்று பார்த்தவர்கள்

சூரியனைச் சுற்றுகிற வேலையை விட்டுவிட்டு ஒரு கிரகம் ஓர் ஓட்டோவைச் சுற்றியது உண்டென்றால், அந்த ஓட்டோ எங்கள் ஏழரையண்ணனுடையதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். நாவற்குடாச் சந்தியில் அதை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஊரில் மற்றவர்களுக்கு ஏழரைச் சனி ஏழரை வருடத்தில் முடிந்துவிடும். அண்ணனுக்கோ, நான் அவருடைய ஓட்டோவில் கந்தோருக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து முடியவே இல்லை.

"இதுக்குள்ள முடிஞ்சிரிக்கணுமே அண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மத்தாக்களுக்கு முடியும் தங்கச்சி. எனக்கு அவர் நீட்டித் தந்திரிக்கார்."

சனியின் பெயரை அண்ணன் சொல்லமாட்டார். எப்போதும் 'அவர்'தான். டயரில் காற்றுப் போனால் அவர். வெளிக்கிடும்போது மழை பிடித்தால் அவர். தேர்தலில் அண்ணன் வாக்குப் போட்ட ஆள் தோற்றாலும் அவர். ஒருமுறை பெற்றோல் ஊற்ற மறந்து கல்லடிப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றபோது, "பாத்தீங்களா அவர்ட வேலைய?" என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கோபிக்கவும் முடியாது. மெதடிஸ்த கோயிலுக்குப் போகிற என்னைப் பார்த்து அண்ணன் உண்மையாகவே பொறாமைப்படுவார்.

"உங்களுக்கென்ன, வேதக்காரர். உங்கட வீட்டு வாசலுக்கே அவர் வரமாட்டார்."

இப்படிப்பட்டவரின் ஊரில், வாவிக்கரை ஓரமாக, ஒரு சின்ன வானவியல் அவதான நிலையம் வந்து சேர்ந்தது. வெள்ளைக் குவிமாடம், உள்ளே நீளமான தொலைநோக்கி. சனிக்கிழமைகளில் பொழுதுபட்டதும் யாரும் போய்ப் பார்க்கலாம். பொறுப்பாக இருந்தவள் கிரானில் நெல் விளைவிக்கிற வீட்டுப் பெண். பௌதிகவியல் படித்தவள். எல்லோரும் அவளை ரீச்சர் என்றே கூப்பிட்டோம். அந்த வருடம் மாலையில் நன்றாகத் தெரிந்தது சனிக்கிரகம்தான். விஷயம் தெரிந்த அன்றே அண்ணன் ஓட்டோவை நிலையத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஏன் புள்ள, தூரத்தில கிடக்கிறவரக் கிட்ட இழுத்து வெச்சு சனத்துக்குக் காட்டுறீங்க? ஏதும் நடந்தா ஆரு பொறுப்பு?"

"கிட்ட இழுக்கிறதில்ல அண்ணே, பெருசாத் தெரியும். அவ்வளவுதான்."

"பெருசா வேறயா!" என்று அண்ணன் தலையில் கை வைத்தார்.

அண்ணனை விரட்ட ரீச்சருக்கும் வழியில்லை. பஸ் போகாத அந்தப் பாதையில் பாதிச் சனத்தை ஏற்றிவந்து இறக்குவதே அவர்தான். தடுக்க முடியாததைப் பாதுகாப்பாகவாவது செய்ய வேண்டும் என்று அண்ணன் முடிவெடுத்தார். கோயிலில் சனீஸ்வரனுக்கு நேர் முன்னால் யாரும் நிற்பதில்லை, பக்கத்தில் ஒதுங்கி நின்றுதான் கும்பிடுவார்கள், இல்லையா? அந்தச் சட்டத்தை அப்படியே நிலையத்திற்கும் கொண்டுவந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் படியடியில் நின்று வரிசையைப் பிரிப்பார்.

"வேதக்காரரும் காத்தான்குடியால வந்த முஸ்லிம் ஆக்களும் நேர நிண்டு பாக்கலாம். மத்தாக்கள் பக்கத்தால, கடக்கண்ணால!"

கடைக்கண்ணால் தொலைநோக்கிக்குள் பார்த்தால் கரிச்சட்டிக்குள் பார்த்த மாதிரித்தான் இருக்கும். நேரே நின்று பார்க்கச் சொல்லி ரீச்சர் தொண்டைத்தண்ணி வற்றக் கத்துவாள். சனம் தலையாட்டிவிட்டு அண்ணன் சொன்னபடியே ஒதுங்கி நிற்கும். பார்த்துவிட்டு, "ஒண்டும் தெரியல்ல, குழாய் பழுது" என்று ஊரெல்லாம் சொல்லும். அந்தச் சொல் கொழும்புவரை போய்விட்டது.

ஒருநாள் ரீச்சரும் நானும் ஒன்றாக ஓட்டோவில் வந்தோம். அவள் முகம் சரியில்லை.

"வாற சனிக்கிழமை கொழும்பால பெரியவர் வாறாராம் அக்கா. அண்டைக்கும் சனம் ஒண்டும் தெரியல்லெண்டா, சனத்துக்குக் காட்டுறத நிப்பாட்டிப்போட்டு ரெலஸ்கோப்ப வேற ஊருக்குக் கொண்டு போறாங்களாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. அன்று வழியில் ஒரு மாடு குறுக்கே வந்து நின்றது. அதற்குக்கூட அண்ணன் 'அவரை'க் குற்றம் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை புரட்டாதிச் சனி. கோயிலில் எள்ளெண்ணெய் எரித்த கையோடு சனம் திரண்டு வந்துவிட்டது. பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நின்றார். முதலில் பழுகாமத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். தாய், தகப்பன், பிள்ளைகள், எல்லோரும் வரிசையாகக் கழுத்தைத் திருப்பி ஓரத்தால் பார்த்தார்கள்.

"இருட்டாக் கிடக்கு ரீச்சர்."

பெரியவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நான் ஓடிப்போய் நேரே நின்று, "தெரியுது, நல்லாத் தெரியுது!" என்று கத்தினேன். "அவ வேதக்காரி, அவக்குத் தெரியும்" என்றது வரிசை. ரீச்சர் குவிமாடத்துச் சுவரில் சாய்ந்துவிட்டாள்.

அப்போதுதான் படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு அண்ணன் மேலே ஏறி வந்தார். சனம் விலகியது. தொலைநோக்கிக்கு முன்னால் நின்றார். உதடு எதையோ முணுமுணுத்தது. பிறகு நேர் எதிரே குனிந்து கண்ணை வைத்தார்.

ஆள் அசையவே இல்லை.

"தெரியுதா அண்ணே?" ரீச்சர் கிட்ட வந்து கேட்டாள்.

"தெரியுது புள்ள."

"என்ன தெரியுது?"

"வளையத்தப் போட்டுக்கிட்டு, தனிய நிக்கார். சுத்திவர ஒருத்தரும் இல்ல." கண்ணை எடுக்காமலே சொன்னார். "இம்மட்டுத் தூரத்தில நிக்கிறவருக்கு என்ட ஓட்டோ எங்க தெரியப் போகுது!"

பெரியவர் சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை. நிமிர்ந்து வரிசையைப் பார்த்தார். அங்கே ஒருவரும் அசையவில்லை. இவர் பார்த்தது போதாது, தங்களுக்கு என்ன ஆகும் என்ற பயம் எல்லோர் முகத்திலும் இருந்தது.

"நேர நிண்டு பாருங்க!" என்றார் அண்ணன். "உங்களுக்கு வாறதெல்லாம் சேத்து எனக்கே வரட்டும். எனக்குப் பழகிப்போச்சு."

அதற்குப் பிறகு யார் ஒதுங்கி நிற்பார்கள்? பழுகாமத்துத் தாய்தான் முதலில் நேரே நின்று பார்த்தாள். "எண்ட ஆத்தே!" என்று அவள் வைத்த சத்தம் வாவிக்கு அக்கரைவரை கேட்டிருக்கும். வரிசை முழுவதும் பார்த்தது. பார்த்தவர்கள் மறுபடியும் வரிசையில் போய் நின்றார்கள். பெரியவர் ரீச்சரின் கையைக் குலுக்கி, தொலைநோக்கி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிரகம் எதுவும் ஆளைப் பிடிக்காது என்பதுதான் என் நம்பிக்கை. இருந்தும் அன்று படுக்கப்போகும் முன் ஜெபம் பண்ணும்போது, எங்கள் எல்லோருக்காகவும் அண்ணன் ஏற்றுக்கொண்டதில் ஒரு துளிகூட அந்த மனிசன்மேல் விழக்கூடாது ஆண்டவரே என்று கேட்டுக்கொண்டேன்.