பாண்டுரங்க சாமியின் கரையாத உருண்டை

செங்கத்திலிருந்து பாண்டுரங்க சாமி மலையேறி வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஜவ்வாது மலையில் பாதிப் பேர் வயிற்றில் இடுமருந்து இருப்பது தெரிந்துவிட்டது. அதுவரை தெரியாமலே காடு உழுது, சாமை அறுத்து, பிள்ளையும் பெற்றுக்கொண்டிருந்தார்கள், பாவம்!

இடுமருந்து என்றால் ஆகாதவர்கள் சோற்றில் கலந்து வைப்பதாம். ஆயுசுக்கும் கரையாதாம். குடலில் ஒட்டிக்கொண்டு ஆளை அரிக்குமாம். சாமி தொப்புளில் பித்தளைக் குழலை வைத்து உறிஞ்சுவார். 'தூ' என்று இலையில் துப்புவார். மயிர் சுற்றிய கறுப்பு உருண்டை வந்து விழும். காணிக்கை ஒரு கோழி. இல்லாதவர்கள் பத்து முட்டை. அத்தனையும் சாமியின் வயிற்றுக்குள் போயின. அங்கே மட்டும் எதுவும் கரையாமல் நின்றதாகத் தகவல் இல்லை.

மேல்கொல்லை அம்மாக்கண்ணு கடைசிக் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடுப்பில் மகளோடு வரிசையில் நின்றாள். செல்லியம்மாளுக்கு நாலு வயது. முகமும் காலும் வீங்கி, முடி செம்பட்டையாகி, இரண்டு மாதமாகச் சிரிப்பதையே மறந்திருந்தாள். மகள் பிழைத்தால் தன் உயிரையே கொடுக்கத் தாய் தயார். சாமி கோழியோடு நிறுத்திக்கொண்டார். அவ்வளவு பெருந்தன்மை!

உறிஞ்சினார். துப்பினார். கூட்டம் 'ஆ' என்றது.

"கெழக்குப் பக்கத்து வூடு. புருசன் இல்லாதவ. முட்டையில வச்சிக் குடுத்திருக்கா."

அம்மாக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. கிழக்கு வீட்டு மாதம்மாள் போன வாரம்தான் குழந்தைக்கு அவித்த முட்டை ஒன்று ஊட்டினாள். சாமிக்கு எப்படித் தெரியும்? காலையில் அம்மாக்கண்ணுவின் புருஷன் சடையனோடு அவர் அரைமணி நேரம் வெற்றிலை போட்டார். அது யார் நினைவிலும் இல்லை.

"அடிப்பாவி! எம் புள்ளைக்கா?" என்று பாய்ந்து, கூட்டத்தில் நின்றிருந்த மாதம்மாளின் கொண்டையைப் பிடித்தாள் அம்மாக்கண்ணு.

"மலைய வுட்டே தொரத்துங்கடா!" என்றது கூட்டம்.

ஆலங்காயத்திலிருந்து மாதம் ஒருமுறை மேலே வரும் நர்ஸ் ஜோஹரா அப்போதுதான் வந்து சேர்ந்தாள். இருவரையும் விலக்கினாள். குழந்தையின் காலை விரலால் அழுத்தினாள். விழுந்த குழி அப்படியே நின்றது.

"புள்ளைக்கு இன்னா குடுக்கிறீங்க?"

"சாமைக் கஞ்சி, நர்சம்மா."

"முட்டை, பயறு?"

"முட்டை போடற கோழியத்தான் சாமிக்கு..."

ஜோஹரா திரும்பினாள். "சாமி, இந்த உருண்டை எத்தினி நாளா வயித்துல கீது?"

"ரெண்டு மாசமா."

"நான் முட்டை குடுத்ததே போன வாரம்" என்றாள் மாதம்மாள். யாரும் கேட்கவில்லை. கூட்டத்துக்குத் தேதியெல்லாம் எதற்கு?

"ரெண்டு மாசமாக் கரையலையா?"

"மந்திரிச்சது. சாகிற வரைக்கும் கரையாது!"

ஜோஹரா ஒரு சொம்புத் தண்ணீரில் உருண்டையைப் போட்டுக் குச்சியால் கலக்கினாள். தண்ணீர் பழுப்பானது. உருண்டை பாதியானது, காலானது, காணாமல் போனது. ஒற்றை மயிர் மட்டும் மிதந்தது. மாதம்மாள் சட்டென்று விரலை விட்டு நக்கிப் பார்த்தாள்.

"வெல்லம். கொஞ்சம் புளி."

"சாகிற வரைக்கும் கரையாதது, சொம்புல ஒரு நிமிசத்துல கரைஞ்சிடுச்சே!" என்றாள் ஜோஹரா. "கேளுங்க அம்மாக்கண்ணு. அவிச்ச முட்டைதான் வெறுந் தண்ணியில கரையாது. ஆனா வயித்துலயும் குடல்லயும் சுரக்கிற நீரு அத வெட்டி வெட்டிக் கண்ணுக்குத் தெரியாத துண்டாக்கிடும். அமினோ அமிலம்னு பேரு. அது தண்ணியில கரையும். கரைஞ்சு, குடல் செவுத்தத் தாண்டி ரத்தத்துல சேரும். அத வச்சித்தான் ஒடம்பு சதையக் கட்டுது. இந்தப் புள்ளைக்கு அதுதான் இல்ல. அதான் வீக்கம். மாதம்மா குடுத்தது மருந்துதான். ஒண்ணு பத்தல, அவ்ளோதான்."

அம்மாக்கண்ணு, தான் அவிழ்த்துவிட்ட மாதம்மாளின் கொண்டையைப் பார்த்தாள்.

"என் மந்திரத்தாலதான் கரைஞ்சது!" என்று சாமி கத்தினார்.

"அப்போ வாயக் கொப்புளிச்சிட்டு இன்னொண்ணு எடுங்க."

சாமி தன் பையின் பக்கம் குனிந்து நிமிர்ந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. சடையன் எட்டி அவர் தாடையைப் பிடித்தான். 'களுக்'கென்று சாமி விழுங்கிவிட்டார்.

கூட்டத்துக்கு அப்போதும் பக்தி குறையவில்லை. "ஐயோ, சாமியே இடுமருந்த முழுங்கிட்டாரு!" என்று அலறிக்கொண்டு நாலு பேர் அவரை மல்லாத்தினார்கள். ஒருவன் தொப்புளில் குழலை அழுத்தினான். இன்னொருவன் வயிற்றில் ஏறி உட்கார்ந்தான்.

"வுடுங்கடா! வெல்லம்தான்டா! தானாக் கரைஞ்சிடும்டா!"

மூன்று நாளில் சாமி சொன்ன ஒரே உண்மை அதுதான். குழலையும் மிச்சக் கோழிகளையும் போட்டுவிட்டு ஓடினார்.

செல்லியம்மாள் ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தாள். பால், பருப்புத் தண்ணீர், பிறகு முட்டை. வீக்கம் வடிந்தது. ஊர் திரும்பியதும் அம்மாக்கண்ணு மகளோடு மாதம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, அன்னிக்கு..." என்று தொடங்கினாள்.

"உள்ள வா. புள்ளையக் கீழ வுடு, நடக்கட்டும்" என்றாள் மாதம்மாள்.

சாமி இப்போது வேறொரு ஊரில் கண்ணிலிருந்து கல் எடுக்கிறாராம். நல்ல கூட்டமாம். உள்ளே விழுந்ததையெல்லாம் குடல் பிரித்துப் பார்த்து, வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தை வெளியே தள்ளுகிறது. காதில் விழுந்ததை அப்படியே விழுங்கும் மூளையோடு நாம்தான் வரிசையில் நிற்கிறோம்!