எட்டுச் சக்கரமும் உப்புக்கறி வாளியும்

வண்டி நிற்கவில்லை. நேராகவும் போகவில்லை. துணி காயப்போடும் கம்பத்தை நடுவில் வைத்துக்கொண்டு, செக்கு மாடு மாதிரி இடப்பக்கமாகவே முற்றத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த ஹெட்லி, இரண்டு கைப்பிடிகளையும் மாறி மாறி இழுத்துப் பார்த்தார்.

"சாப்பாடு ஆறுது ஹெட்லி. நிறுத்திட்டு வா," என்றாள் அவர் மனைவி மெல்வினா, வாசற்படியில் நின்றபடி.

வண்டி அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரும்வரை பதிலுக்குக் காத்திருந்தாள்.

"நிறுத்தினா மறுபடி கிளம்பாது மெல்! காலையிலேருந்து மல்லுக்கட்டி இப்பத்தான் உசுரு வந்திருக்கு."

"சரி."

அடுத்த சுற்றில் தட்டோடு வந்து நின்றாள். அவர் கடந்து போகும்போது ஒரு மீன் கட்லெட்டைக் கையில் வைத்தாள். அதற்கடுத்த சுற்றில் இன்னொன்று. அப்புறம் தேநீர், அதில் பாதி வாய்க்குள் போயிற்று, பாதி சட்டையில் வழிந்தது.

"ஊறுகாய் வேணுமா?"

"அடுத்த தடவை வரும்போது!"

பெட்ரோல் தீர்ந்த பிறகுதான் வண்டி நின்றது.

குளியல் தொட்டிக்கு எட்டுச் சக்கரம் மாட்டியது போல இருக்கும் அது. ஸ்டீயரிங் கிடையாது; எந்தப் பக்கத்துக் கைப்பிடியை இழுக்கிறோமோ அந்தப் பக்கச் சக்கரங்களை பிரேக் பிடித்து, வண்டி அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். "தரையில ஓடும், சதுப்புல ஓடும், தண்ணியில மிதக்கும்" என்று சொல்லித்தான் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் தலையில் கட்டினான். திரும்பும் என்று அவன் சொல்லவே இல்லை என்பது வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஹெட்லிக்கு உறைத்தது.

"எதுக்கு இது உனக்கு?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "ஏரியில மீன் பிடிக்க" என்று சொல்லிவைத்தார். அது பொய்.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துச் சதுப்புகளில் ஆகஸ்டில் பேக்காப்பிள் என்கிற காட்டுப்பழம் பழுக்கும். செடிக்கு ஒரே பழம். சிவப்பாக இருந்தால் காய், பொன்னிறமானால் பழம், அதற்குமேல் நாலு நாள் வெயிலடித்தால் கூழ். எங்கே பறித்தாய் என்று அங்கே யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டாலும், "அப்படிப் பின்னால" என்று பொதுவாக ஒரு கை காட்டல்தான் கிடைக்கும். மெல்வினாவும் அவள் அக்கா வின்னியும் இதில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே. அவர்கள் பறிக்கும் இடம் அம்மாவிடமிருந்து வந்தது. விடியுமுன் வாளியோடு கிளம்புவார்கள், நிறைத்துக்கொண்டு வருவார்கள். கட்டிய கணவனிடம்கூட மூச்சு விடமாட்டார்கள்.

ஹெட்லி கல்யாணமான புதிதில் கேட்டார். பிள்ளைகள் பிறந்தபின் கேட்டார். படகை விற்றுவிட்டு வீட்டோடு உட்கார்ந்தபின் அநேகமாகத் தினமும் கேட்டார்.

"இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கோம். என்னை நீ நம்பலையா மெல்?"

"பழத்தைத் தவிர எல்லாத்துலயும் நம்பறேன்."

அப்படிப்பட்டவள் போன குளிர்காலத்தில், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே ஒரு நாள் வாய் திறந்தாள். "ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கு. இனிமே என்னால சுத்தி நடக்க முடியாது. காலு நனையாம என்னை அங்க கொண்டுபோய்ச் சேர்த்தா, இடத்தைக் காட்டறேன். ஆனா கார்லண்டுக்குத் தெரியக் கூடாது."

கார்லண்ட் வின்னியின் புருஷன், ஹெட்லிக்குச் சகலை. அந்தக் குடும்பத்தில் பெண்ணெடுத்த எந்த ஆம்பிளைக்கும் கிடைக்காத பாக்கியம் தனக்குக் கிடைக்கப் போகிறது என்று நினைத்தபோது ஹெட்லிக்குத் தரையில் கால் பாவவில்லை. போய் இந்த வண்டியை வாங்கி வந்தார்.

இடத்தைத்தான் கார்லண்டுக்குச் சொல்லக்கூடாதே தவிர, வண்டி வேலைக்குக் கார்லண்டை விட்டால் ஆளில்லை. சாயங்காலம் அவரே வந்தார், கருவிப்பெட்டியோடு.

"என்ன சகலை, முற்றத்துல வட்டமா ரோடு போட்டிருக்கே?"

"இடப்பக்கமாவே போகுது."

"இடப்பக்க பிரேக் பட்டை கவ்விக்கிட்டிருக்கும். தளர்த்து."

தளர்த்தினார்கள். வண்டி கிளம்பியது. இப்போது வலப்பக்கமாகச் சுற்றியது.

"நல்லதுதான்," என்றார் கார்லண்ட், பீர் பாட்டிலைத் திறந்தபடி. "காலையில சுத்தினதெல்லாம் இப்ப அவிழுது."

"விளையாடாத. பழம்... மீன் சீசன் போயிடும்."

"ஆகஸ்டுல என்ன மீன் சீசன்?"

"ஏதோ ஒரு மீன்! வலப்பக்கத்தையும் தளர்த்து."

தளர்த்தினார்கள். வண்டி அம்பு மாதிரி நேராகப் போயிற்று. பிரேக் பட்டை இரண்டுமே தளர்ந்துவிட்டதால் திரும்பவும் மாட்டேன், நிற்கவும் மாட்டேன் என்றது. உருளைக்கிழங்குப் பாத்தியை நடுவில் பிளந்தது. கோழிகள் இரண்டு பக்கமும் சிதறின. படகு இறக்கும் சரிவு வழியாகக் கீழே இறங்கி, ஹெட்லியையும் சுமந்துகொண்டு சத்தமில்லாமல் கடலுக்குள் போயிற்று.

கார்லண்ட் அவசரப்படாமல் கரை வரைக்கும் நடந்து வந்தார்.

"மிதக்குது சகலை!"

"மிதக்குது. காலு நனையுது."

"எவ்வளவு?"

"முதல்ல கணுக்கால்னு நினைச்சேன். இப்ப முழங்கால்."

பக்கத்து வீட்டுப் படகில் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மெல்வினா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரக் காலோடு உள்ளே வந்தவரிடம் ஒரு துண்டை நீட்டினாள்.

"என் காலு நனையக் கூடாதுன்னு சொன்னதா ஞாபகம்."

"இது என் காலு மெல். உன் காலு நனையாது. பழம் எப்படி இருக்கும் இப்ப?"

"சிவப்பா இருக்கும். அவசரமில்ல."

சக்கரத்து அச்சு உள்ளே நுழையும் இடங்களில்தான் தண்ணீர் கசிகிறது என்று கார்லண்ட் கண்டுபிடித்தார். கிரீஸ் அடித்தால் அடைபடும். அடித்தார்கள். ஹெட்லி சந்தேகத்துக்கு இன்னும் கொஞ்சம் அடித்தார், மனத் திருப்திக்கு மேலும் கொஞ்சம் அடித்தார். கசிவு நின்றது. மிஞ்சிய கிரீஸ் உள்பக்கமாக வழிந்து, புதிதாக இறுக்கி வைத்த பிரேக் பட்டைகளில் ஏறிக்கொண்டது. வண்டி மறுபடியும் உருளைக்கிழங்குப் பாத்தியைப் பார்த்தது. இந்தத் தடவை பாத்தியில் மிச்சம் எதுவும் இல்லை.

"மண்ணெண்ணெய் ஊத்திக் கழுவிடலாம்," என்றார் கார்லண்ட்.

கழுவினார்கள். கிரீஸ் போயிற்று. கூடவே வண்டியின் அடியிலிருந்து, கையகலத்துக்கு ஒரு துண்டும் பெயர்ந்து விழுந்தது.

இரண்டு பேரும் குனிந்து அந்த ஓட்டை வழியாகத் தரையைப் பார்த்தார்கள்.

"வித்தவன் ஒட்டுப் போட்டு, மேல பெயிண்ட் அடிச்சிருக்கான்," என்றார் கார்லண்ட். "நல்ல வேலைக்காரன்தான். ஒட்டு தெரியவே இல்ல."

"மூடு வாயை. எப்படி அடைக்கிறது?"

"இது மாதிரியே பிளாஸ்டிக் வேணும். உருக்கி ஒட்டணும். கெட்டியா இருக்கணும்... உப்புக்கறி வாங்கினா கடைக்காரன் ஒரு வாளியில போட்டுத் தருவானே, அது மாதிரி."

ஷெட்டு மூலையில் அப்படி ஒரு வாளி இருந்தது. வெள்ளை வாளி, கைப்பிடியில் துணி சுற்றி, பதமாகப் பழகிய வாளி. ஹெட்லி யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் அறுத்திருக்க மாட்டார்.

ஒட்டு கல் மாதிரி உட்கார்ந்தது. சந்தோஷமாகக் கைகழுவிக்கொண்டிருந்தபோது மெல்வினா ஷெட்டுக்குள் வந்தாள்.

"ஹெட்லி, என் பழம் பறிக்கிற வாளி எங்க?"

கார்லண்ட் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "வின்னி தேடுவா. வரேன்."

ஹெட்லி வண்டியின் அடிப்பக்கத்தைக் காட்டினார். மெல்வினா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ரொம்ப வருஷமா வச்சிருந்த வாளி அது," என்றாள்.

"தெரியும். அதான் நல்லா ஒட்டிக்கிச்சு." பிறகு தயங்கியபடி, "பழம்...?"

"பழுத்திருக்கும்," என்றாள். "நாளைக்குப் போகலைன்னா கூழாயிடும்."

காலையில் ஏரி அமைதியாக இருந்தது. மெல்வினா ரப்பர் பூட்ஸ் போட்டு, முன்னிருக்கையில் மெத்தை போட்டு உட்கார்ந்து, மடியில் பின்னல் ஊசியும் கம்பளி நூலும் வைத்துக்கொண்டாள். வாளிக்குப் பதில் ஒரு பாத்திரம். வண்டி தண்ணீரில் இறங்கியது. ஹெட்லி மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைத் தடவிப் பார்த்தார்.

"காஞ்சிருக்கு மெல்!"

"உன் கையை எடு. என் பூட்ஸ் அது."

சக்கரங்கள் தண்ணீரைத் துழாவித் துழாவித் தள்ளின. நடுவில் காற்று கொஞ்சம் வந்து வண்டியைத் திருப்பிவிட்டது. வீடு ஒரு தடவை எதிரே வந்து போயிற்று. மெல்வினா நிமிர்ந்து பார்த்துவிட்டு, பின்னலைத் தொடர்ந்தாள். பின்னிக்கொண்டிருந்த காலுறையில் குதிகால் முடிந்தபோது கரை வந்தது.

"நிறுத்து. வலது கையைத் தூக்கு," என்றாள்.

"எதுக்கு?"

"தூக்கு. இந்த இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு. கார்லண்டுக்கு முக்கியமா."

ஹெட்லி தொப்பியைக் கழற்றி, கையை உயர்த்தி, தேவாலயத்தில்கூட அவர் பேசாத குரலில் சத்தியம் செய்தார்.

அவள் இடது என்றாள், வலது என்றாள், அந்தக் குட்டையைச் சுற்று என்றாள். வண்டி சொன்னபடியெல்லாம் கேட்டது. இரண்டு பாறைகள் முதுகுக்கு முதுகு காட்டி நின்ற இடத்தில், நடுவே ஒரு மொட்டை மரத்தருகில், "இதுதான்," என்றாள்.

ஹெட்லி இறங்கி நின்றார். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாசியின் மேல் பொன்னிறப் பழங்கள். ரொம்பப் பெரிய விளைச்சல் என்று சொல்ல முடியாது.

"இந்த வருஷம் கொஞ்சம் கம்மிதான்," என்றாள் மெல்வினா.

"கம்மியா? அழகா இருக்கு மெல்." அவர் பாசிமேல் மெல்லக் கால் மாற்றி நின்றார். "உங்க அம்மா நின்ன இடம். இப்ப நான் நிக்கறேன்."

மெல்வினா அவரைப் பார்த்தாள். கிரீஸ் போகாத நகங்களைப் பார்த்தாள், பிளாஸ்டிக் உருக்கியபோது முழங்கையில் பட்ட தீக்காயத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "குனிஞ்சு பறி. நசுக்காம பறி," என்று மட்டும் சொன்னாள்.

பாத்திரம் பாதி நிறைந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராமல் திரும்பினார்கள். மெல்வினா வீட்டுக்குள் போனாள். ஹெட்லி வண்டியை ஷெட்டுக்குள் விட்டார். அங்கே கார்லண்ட் ஒரு பலகைமேல் உட்கார்ந்திருந்தார்.

"எப்படி மிதந்துச்சு?"

"வாத்து மாதிரி."

"மீன்?"

"ஒண்ணும் கடிக்கல."

கார்லண்ட் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பாத்திரம் அங்கேயே இருந்தது.

"இந்த மீனு நல்லாப் பழுத்திருக்கே."

ஹெட்லி அவசரமாகத் தொப்பியை எடுத்துப் பாத்திரத்தை மூடினார். "என்னை ஒண்ணும் கேக்காத. என்னால எதுவும் சொல்ல முடியாது."

"நான் கேக்கல. ரெண்டு பாறை முதுகுக்கு முதுகு காட்டி நிக்குமே, நடுவுல மொட்டை மரம்?"

 கார்லண்ட் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார், வலது கையைத் தோளுக்குமேல் உயர்த்திக் காட்டினார்.

"உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

கார்லண்ட் நகர்ந்து உட்கார்ந்து, பலகையில் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டார்.

"அது மாப்பிள்ளைங்களுக்குக் காட்டறதுக்குன்னே அவங்க வச்சிருக்கிற சதுப்பு, சகலை. நம்ம மாமனாரையே அத்தை கடைசி வரைக்கும் அங்கதான் கூட்டிட்டுப் போனாங்க."