வயரில் பிழை இல்லை

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: தம்பியின் கலியாணத்தன்று கார் கொதித்து நின்றதற்கு நான்தான் காரணம். ஆனால் வயரில் நான் செய்த வேலை சரி. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

சுனாமியில் எங்கள் பழைய கார் கடல்நீருக்குள் கிடந்தது. கழுவிக் காயவைத்து ஓட்டத் தொடங்கிய பிறகு, எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மட்டும் எப்போதும் சிவப்பிலேயே நின்றது. மூன்று வருடமாக அதை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

வடக்கில் யுத்தம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த காலம். தம்பிக்கு வவுணதீவில் பெண். மாப்பிள்ளை போகிற காரில் முள் சிவப்பில் நிற்பதா என்று அன்று காலையில்தான் எனக்கு ரோசம் வந்தது. (மெக்கானிக் படிப்பா? ஒரு கராச்சில் அடிக்கடி தேநீர் குடித்திருக்கிறேன்.)

பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எஞ்சினிலுள்ள சென்சரின் வயரைக் கழற்றினேன். கழற்றினால் முள் கீழே விழவேண்டும். விழவில்லை. அப்படியென்றால் வயர் எங்கோ உரிந்து இரும்பில் முட்டுகிறது. உப்புத் தின்ற இடத்தைத் தேடிப்பிடித்து டேப் சுற்றினேன். முள் பணிந்து கீழே வந்தது. வயரைத் திரும்பவும் சென்சரில் பூட்டிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையோடு ரேடியேட்டர் மூடியையும் திறந்து தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு மிச்ச வயர், டேப், பல்ப் எல்லாவற்றையும் ஒரு சொப்பிங் பையில் வாரிப்போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

வலையிறவுப் பாலத்தை நெருங்கும்போது தம்பி சொன்னான். "அண்ணன், முள்ளு சிவப்புக்குப் போகுது."

"அது சூடில்லடா. வயர் திரும்பவும் முட்டுது. நீ மாலையை நசுக்காம இரு."

பாலத்தடிச் சோதனைச் சாவடியில் கார் பொங்கி நின்றது. ஆவியைக் கண்டதும் சிப்பாய்கள் எல்லோரையும் இறக்கி, பையைக் கொட்டச் சொன்னார்கள். வயர், டேப், பல்ப். அந்தக் காலத்தில் அந்த இடத்தில் காட்டக்கூடிய சாமான்களா அவை? முகூர்த்தத்துக்கு அரைமணி நேரம்தான் இருந்தது. கடைசியாக ரேடியேட்டர் மூடி உருண்டு விழுந்தது.

ஒரு சிப்பாய் அதை எடுத்தான். ஆவி பறக்கும் எஞ்சினைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"ஐயா, இது அங்க போடுறது," என்றான் அரைகுறைத் தமிழில்.

பின்னால் வரிசையில் நின்ற உழவு இயந்திரப் பெட்டியில், உரமூட்டைகளுக்கு நடுவே மாலையைப் பிடித்தபடி மாப்பிள்ளை போனான். பக்கத்தில் அம்மா. நேரம் தப்பாமல் தாலி கட்டினான். கார் ஆறும்வரை நான் பாலத்தடியில் தனியாக நின்றேன். வெட்கத்தில் அழுகையே வந்துவிட்டது. தாலி கட்டும் படத்தில் இன்றைக்கும் நான் இல்லை.

இப்போது வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தம்பி தேமாமீட்டரை என்னிடம்தான் நீட்டுவான்.

"பாருங்க அண்ணன், இது சூடா, வயரா?"

அவன் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கட்டும். மூன்று வருடமாகப் பொய் சொன்ன முள் அன்றைக்குத்தான் முதல்முறை உண்மை சொன்னது. சொல்ல வைத்தவன் நான்.