சிவப்புக் கோட்டுக்குள்ளே அக்கா

வரைபடத்தார் என்றோர் இனம் உண்டு. நான் சுற்றிய துறைமுகங்களில் எல்லாம் இவர்களைப் பார்த்தேன். மொழி மாறும், சட்டை மாறும், ஆள் மாறுவதில்லை. கரையோர அலுவலகத்தில், கடலைப் பார்த்த ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெளிச்சம் கூசுகிறதென்று அதன் திரைச்சீலையையும் இழுத்துவிட்டு, செயற்கைக்கோள் அனுப்பிய அதே கடலைக் கணினியில் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நனைக்காத கடல்தான் இவர்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும்.

சும்மா சொல்லக்கூடாது. மீன்குஞ்சுகள் வளரும் குடாவைக் கண்டுபிடித்து, அதன் வாயையும் சேர்த்துச் சிவப்புக் கோடு போட்டு, உள்ளே யாரும் வலை வீசக்கூடாது என்றவர்களும் இவர்கள்தான். நல்ல கோடு. அதை நம்பிக் கடல் மெல்லத் தேறியும் வந்தது. ஆனால் கோடு போட்டவருக்கே அது கண்ணை உறுத்தினால்?

நான் சொல்லும் வரைபடத்தாருக்கு ஓர் அக்கா. சொந்தப் படகுக்காரி. தம்பி போட்ட கோட்டுக்காக மற்ற படகுக்காரர்களிடம் மன்றாடி, "கொஞ்ச காலம் பொறுங்க, மீன் பெருகும், நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தவள் அவள்தான்.

ஒருநாள் மேலதிகாரி வருகிறார் என்று தம்பி வரைபடத்தைச் சிங்காரித்தார். அத்தனை நீலத்துக்கு நடுவே சிவப்பு எதற்கு? கோட்டை மறைத்தார். அதே படம்தான் எல்லாப் படகுக்காரர்களின் போனுக்கும் போகும் என்பது மறந்துபோயிற்று. அதிகாரி, "அடேயப்பா, என்ன நீலம்!" என்றார். தம்பிக்குத் தலைகால் புரியவில்லை.

அக்காவின் போன் வந்தது.

"டேய், குடாவைத் திறந்துவிட்டுட்டீங்களா? படத்துல சிவப்புக் கோடே இல்ல. எல்லாரும் வலையத் தூக்கிட்டு அங்கதான் போறாங்க!"

"படத்தைப் பெரிசு பண்ணிப் பாருக்கா."

"பெரிசு பண்ணினா கடல்தான்டா பெரிசாகுது!"

"பதறாதக்கா, பாத்துட்டேதான் இருக்கேன். எல்லாப் படகும் கரையிலதான் நிக்குது. உன்னோடதும்தான்."

"நான் படகுல இருந்துதான்டா பேசறேன்! எஞ்சின் சத்தம் கேக்கல?"

"சிஸ்டத்துல அப்படிக் காட்டலையே."

"ஜன்னல் வழியா எட்டிப் பாருடா!"

"அது அங்கீகரிக்கப்பட்ட தகவல் இல்லக்கா."

திரையில் படகுகளைக் காட்டும் புள்ளிகள் வானத்துக்குப் போய்த் திரும்பிவரச் சற்று நேரமாகும். இதை ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்தவரே தம்பிதான்.

அக்கா என்ன செய்வாள்? குடாவின் குறுகிய வாயில் தன் படகைக் குறுக்கே நிறுத்தினாள். வந்தவர்கள் வைதார்கள்.

"வழிய விடும்மா! உன் தம்பியே கோட்ட அழிச்சுட்டான்."

"அழிச்சது அவன். வாக்குக் குடுத்தது நான்."

முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். குஞ்சுகள் தப்பின.

இதற்குள் தம்பி, அதிகாரியை வழியனுப்பிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று கோட்டைத் திரும்பப் போட்டார். புள்ளிகளும் வந்துசேர்ந்தன. எல்லாரும் கோட்டுக்கு வெளியே. உள்ளே, நகராமல், ஒரே ஒரு புள்ளி. கணினி யாரையும் கேட்காமல் அந்தப் படகின் உரிமத்தை நிறுத்திவைத்தது. யார் படகு என்றுகூடப் பார்க்காமல், "பாத்தீங்களா, என்ன வேகம்!" என்று பக்கத்து மேசைக்காரரிடம் பூரித்துப்போனார் தம்பி.

அக்கா உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். "லைசென்ஸக் குடுடா."

தம்பி அவளைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார். "சொந்தம்னு பாக்க முடியாதுக்கா. படம் பொய் சொல்லாது."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் சற்றுமுன், வாசல் மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே கையிலிருந்த போனில் வரைபடத்தைப் பார்த்து, "வந்துட்டேன்னு பொய் சொல்லாத, நீ இன்னும் பாலத்துலதான் இருக்க" என்று தங்கையிடம் சொன்னவர் யார்?

முதலில் போய்க் கதவைத் திறங்கள்.