ஏழில் இரண்டு

நான் கணக்கு வாத்தியார். வருஷா வருஷம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளையாவது x/3-ஐயும் x/4-ஐயும் கூட்டி 2x/7 என்று எழுதிவிடும். நான் திட்டுவதில்லை. பிளஸ் டூ படிக்கும்போது அதே தப்பைப் போட்டு, எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பறிகொடுத்தவன் நான்.

பரளச்சிப் பக்கம் எங்கள் கிணறு மூன்று வீட்டுக்குப் பொது. மோட்டார் போடப் பன்னிரண்டு நாள் முறை. பெரியப்பாவுக்கு ஐந்து நாள், அப்பாவுக்கு நான்கு, சித்தப்பாவுக்கு மூன்று. சித்தப்பா கோயம்புத்தூரோடு போய்விட்டதால், தன் கால் பங்கை அப்பாவுக்கு எழுதித்தர வந்தார். அப்பாவின் பங்கு மூன்றில் ஒன்று. இரண்டையும் கூட்டிப் பத்திரத்தில் ஒரே பின்னமாக எழுத வேண்டும் என்றார்கள். (நம்மை விட்டால் யார்?) மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டினேன். ஏழில் இரண்டு.

அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. விரல் விட்டு எண்ணினாள்.

"நாலும் மூணும் ஏழு. பன்னெண்டு நாளைக்கு ஏழு நாளு நமக்கு. இதுக்கு எதுக்குய்யா பேப்பரு?"

"அது நாள் கணக்கும்மா. பின்னக் கணக்கு வேற."

"படிக்கிற புள்ள சொல்றான், நீ சும்மா இரு" என்றார் அப்பா.

திருச்சுழிப் பத்திரப் பதிவு ஆபீஸில் பத்திரத்தை நிதானமாகப் படித்துப் பார்த்த பெரியப்பாதான் முதலில் கையெழுத்துப் போட்டார். (பெருந்தன்மை என்று நினைத்தேன். வெட்கக்கேடு.)

மறு வாரம் முறையே மாறிவிட்டது. ஏழு நாளுக்கு இரண்டே நாள். பன்னிரண்டுக்கு நான்கு என்று இருந்ததைவிடவும் குறைவு. சித்தப்பாவின் பங்கும் வந்து, எங்கள் தண்ணீரும் போயிருந்தது. அப்பா பெரியப்பாவிடம் போய்க் கேட்டார்.

"பத்திரத்துல உள்ளபடிதான தம்பி போடுறேன். கணக்குப் போட்டது உம்மவன்தான."

அந்தக் கோடையில் மிளகாய் பூவோடு கருகியது. சாயங்காலம் அம்மா செடிகளைப் பிடுங்கி அடுப்புக்குக் கட்டிவைத்தாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம். அப்பா அருப்புக்கோட்டை மில் ஒன்றுக்கு வாட்ச்மேனாகப் போனார், ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று சொல்லிவிட்டு.

பத்திரம் இன்னும் மாறவில்லை. நான் வாத்தியாரான பிறகுதான் அம்மா வாய் திறந்தாள். வீட்டில் விருந்தென்று நான் குழம்புக் கரண்டியை எடுத்தால் போதும்.

"அவன் கையில குடுக்காதீக. அவன் கூட்டிப் போட்டா, இலையில இருக்கிறதும் குறஞ்சிரும்."

எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். அப்பா மட்டும் குனிந்தபடி வேகமாகச் சாப்பிடுவார். மில் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.